மதில் இல்லாத ஊரில் கோட்டை வாசலை எப்படிப் பார்ப்பது? திருச்சி மெயின் கார்டு கேட்

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நாள் திருச்சி வருகிறோம். போன தடவை மெயின் கார்டு கேட்டைப் பார்த்தோம். ஒரு வளைவு, அதைச் சுற்றிக் கூட்டம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? கோட்டை வாசல் பார்க்க வேண்டுமென்றால் டெல்டாவில் வேறு எங்காவது போகலாமா?"

தம்பி, அந்த வளைவை மட்டும் பார்க்க ஐந்து நிமிடமே அதிகம்தான். நான் இந்த ஊர்க்காரன். சின்ன வயதில் அந்த வாசலை நூறு தடவையாவது தாண்டியிருப்பேன். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தீபாவளித் துணி எடுக்கப் போகிற அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? எங்கள் பாட்டி மட்டும் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லவே மாட்டார். "கோட்டைக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்பார். எந்தக் கோட்டை, சுவர் எங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவரால் காட்டியிருக்க முடியாது. அவர் பிறப்பதற்கு முன்பே மதிலை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். உள்ளே, வெளியே என்ற பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

மதிலில் ஆள் போக விட்ட ஓட்டைதான் வாசல். மதிலை எடுத்துவிட்டால் அதை எந்தப் பக்கம் சுற்றி வேண்டுமானாலும் போகலாம். அப்புறம் அங்கே வாசல் என்று ஒன்று எதற்கு என்ற கேள்வி வரத்தான் செய்யும். போன தடவை உங்களுக்கு நடந்தது அதுதான். இந்தத் தடவை முதலில் மதிலை மனதுக்குள் கட்டிவிடுங்கள், வாசலுக்குப் பிறகு வரலாம்.

கட்டுவதற்கு அளவு கைவசம் இருக்கிறது. 1750களில் இந்த ஊருக்காக நடந்த சண்டைகளைப் பதிவு செய்தவர்கள் ஒவ்வொன்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். கோட்டை ஒரு நீள் சதுரம். கிழக்கு, மேற்குப் பக்கங்கள் ஏறக்குறைய 2,000 கஜம். வடக்கும் தெற்கும் சுமார் 1,200 கஜம். நான்கு பக்கத்தையும் கூட்டினால் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மதில் ஒன்றல்ல, இரண்டு. வெளி மதில் 18 அடி உயரம், 5 அடி கனம். அதற்கு உள்ளே 25 அடி இடைவெளி விட்டு 30 அடி உயர உள்மதில். அந்த உள்மதிலின் உட்புறம் கல் படிக்கட்டு போல மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் பத்தடி அகலத்தில் நடைபாதையாக முடியும். நடைபாதையின் விளிம்பில் ஆள் மறையும் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். அதில் துப்பாக்கி நீட்டத் துளைகள். இரண்டு மதிலிலும் சம தூரத்தில் வட்டக் கொத்தளங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே 30 அடி அகலம், 12 அடி ஆழத்தில் அகழி. தண்ணீர் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்குமாம், ஆனால் முழுக்க வற்றியதே இல்லையாம். காவிரி ஓடுகிற ஊரில் அதற்குப் பஞ்சம் ஏது?

பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல ஒரு வழி இருக்கிறது. 30 அடி என்றால் ஏறக்குறைய மூன்று மாடிக் கட்டடம். வாசலுக்கு எதிரே நின்று, இடமும் வலமும் தெரிகிற கடை வரிசை முழுக்க மூன்று மாடி உயரத்துக்கு ஜன்னலே இல்லாத ஒற்றைச் சுவராக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். தூர்த்த அகழி கோட்டையைச் சுற்றி இந்தப் பக்கத்து ரோடுகளாகத்தான் ஆகியிருக்கிறது.

மதுரை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விஸ்வநாத நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், உச்சிப்பிள்ளையார் மலையைச் சுற்றியிருந்த ஊருக்கு இந்த அரண் எழுந்தது. தெப்பக்குளமும் அந்தக் காலத்து வேலை என்றுதான் சொல்வார்கள். பிறகு நாயக்கர் தலைநகர் மதுரைக்கும் திருச்சிக்கும் மாறி மாறிப் போய் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சொக்கநாத நாயக்கர் இங்கேயே வந்துவிட்டார். ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை ஆண்டதும் இங்கிருந்துதான். மீனாட்சியோடு அந்த வம்சம் 1736இல் முடிந்தது. பிறகு சந்தா சாகிப், மராத்தியர், நிஜாம், ஆற்காட்டு நவாப் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடைசியில் இங்கிலீஷ்காரன் காவல் படை வந்து உட்கார்ந்தது. தலைமைக் காவல் நின்ற இடத்தை அவர்கள் 'மெயின் கார்டு' என்று சொன்னார்கள். அது இன்று பஸ் கண்டக்டர் வாயில் ஒரே மூச்சில் "மெயின்காட்கேட் எறங்கு" என்று வருகிறது.

இங்கே ஒரு சங்கதி. வாசலிலிருந்து தெற்கே காந்தி மார்க்கெட் பக்கம் போகிற ரோட்டுக்கு மேலப்புலிவார்டு ரோடு என்று பேர். ஊரின் கீழ்ப்பக்கம் கீழப்புலிவார்டு ரோடு. எங்கள் தெருப் பிள்ளைகள் அங்கே புலி வந்ததாகவே நம்பினோம். எட்டாம் வகுப்பு வரை நானும் நம்பினேன். புலியும் இல்லை, வார்டும் இல்லை. 'பூல்வார்' என்ற பிரெஞ்சுச் சொல் இங்கிலீஷ் வழியாக வந்து நம் வாயில் புலிவார்டு ஆனது. அந்தச் சொல்லுக்கே ஆதியில் கொத்தளம் என்றுதான் பொருள். டச்சுக்காரர்களின் 'போல்வெர்க்' அங்கே போய் அப்படி மாறியது. ஐரோப்பிய நகரங்களில் பழைய மதிலை இடித்து, அந்தத் தடத்தில் மரம் நட்டு அகலமான சாலை போட்டபோது, மதிலின் பேர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருச்சியிலும் அதே வேலையைச் செய்து அதே பேரை வைத்தார்கள். ஆக, பெட்டிக்கடைப் பலகையில் முகவரியாக எழுதியிருக்கிற புலிவார்டு என்பதுதான் இந்த ஊரில் மதிலுக்கு மிச்சமிருக்கும் கல்வெட்டு.

இனி வாசலின் வேலைக்கு வருவோம். கோட்டை வாசலை எதற்காகக் கோணலாகக் கட்டினார்கள், உள்ளே பள்ளம் எதற்கு, திருப்பம் எதற்கு என்று எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. 1753 நவம்பர் 27ஆம் தேதி இரவு நடந்ததைச் சொன்னால் போதும்.

முன்கதை சுருக்கமாக. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் அடித்துக்கொண்டார்கள். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை, பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர். முகமது அலிக்குக் கடைசியில் மிஞ்சிய புகலிடம் இந்தக் கோட்டை. 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போய்த் தலையை இழந்தார். (அவர் கல்லறை இதே திருச்சியில் நத்தர்வலி தர்காவில் இருக்கிறது. எந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் செத்தாரோ அந்த ஊரிலேயே படுத்திருக்கிறார்.) சண்டை அதோடு முடியவில்லை. உதவிக்கு வந்தால் திருச்சியைத் தருகிறேன் என்று முகமது அலி மைசூர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காரியம் முடிந்ததும் கையை விரித்துவிட்டார். மைசூரின் நஞ்சராஜா கோபத்தில் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த மழைக்காலத்தில் ஆங்கிலேயரின் பெரும் படை லாரன்ஸ் தலைமையில் கல்லணைக்குப் பக்கம் கோவிலடியில் இருந்தது. ஆமாம், நம் அப்பக்குடத்தான் பெருமாள் கோவில் இருக்கிற அதே கோவிலடிதான். கோட்டைக்குள் சொற்பக் காவல். தலைவன் கில்பாட்ரிக் காயம்பட்டுப் படுக்கையில்.

கோட்டையின் வடமேற்கு மூலையை ஒட்டி, மதிலைவிட வெளியே துருத்திக்கொண்டு ஒரு கட்டுமானம் இருந்தது. முன்பு அது ஊரின் நான்கு வாசல்களில் ஒன்று. டால்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி அதன் வெளிப்பாகத்தை அடைத்துப் பீரங்கி மேடையாக மாற்றியிருந்தார். உள்பாகத்தை மாற்றவில்லை; பழைய வாசலுக்குரிய திருப்பங்களும் உட்கதவும் அப்படியே கிடந்தன.

அதிகாலை மூன்று மணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் அகழியைத் தாண்டி ஏணி வைத்து அந்த மேடையில் ஏறினார்கள். காவலுக்கு இருந்த சிப்பாய்கள் தூக்கத்தில். துப்பாக்கியே வெடிக்காமல் துப்பாக்கிக் கத்தியால் காரியத்தை முடித்தார்கள். சுடக் கூடாது, சத்தம் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. இதுவரை எல்லாம் சரி. மேடைக்குப் பின்னால் 30 அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. இருட்டில் முன்னே பாய்ந்தவர்கள் அதில் விழுந்தார்கள். விழுந்தவன் கத்தினான். கத்தல் கேட்டுப் பதறிய ஒருவன் துப்பாக்கியைச் சுட்டான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, மேடையில் பிடித்த பீரங்கிகளையே ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்து ஆரவாரம் செய்தார்கள். ஊரே விழித்துக்கொண்டது.

மிச்சம் வேலையை வாசல் பார்த்துக்கொண்டது. மேடையிலிருந்து இறங்கினால் இரண்டு மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் வளைந்து வளைந்து போனால்தான் உள்மதிலின் கதவு. புதிதாக வந்தவனுக்கு அந்த இருட்டில் எந்தத் திருப்பத்தில் கதவு என்று தெரியவில்லை. மேலே 30 அடி உயரத்திலிருந்து ஹாரிசன் என்ற இளம் அதிகாரி ஆட்களைக் கூட்டிவந்து குறிபாராமல் சுட்டாலே போதும் என்ற நிலை. திரும்பிப் போகலாம் என்றால் ஏணிகள் குண்டுபட்டுச் சிதைந்துவிட்டன. சிலர் அகழியில் குதித்தார்கள். விடியும்போது நூற்றுக்கணக்கானவர்கள் அந்தச் சந்துக்குள்ளேயே கையைத் தூக்கி நின்றார்கள்.

எலிப்பொறியில் எலி உள்ளே போவதைத் தடுக்க எதுவும் இருக்காது, பார்த்திருக்கிறீர்களா? கோட்டை வாசலைக் கட்டியவனும் அப்படித்தான் யோசித்திருக்கிறான். நேராக வருகிறவனை ஒரு திருப்பத்தில் நிறுத்த வேண்டும், நின்றவனுக்கு மேலே ஆள் இருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் கதவுக்கு முன்னால் ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் நிற்க முடியும்.

சரி, இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு இப்போது மெயின் கார்டு கேட்டுக்கு வாருங்கள். ஊரின் மேற்குப் பக்கத்து வாசல் இது. வளைவுக்கு அடியில் ஓரமாக நின்று, முதலில் சுவரின் கனத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் உங்கள் மகனை நிறுத்தி, மறுபக்கம் வரை எத்தனை எட்டு என்று நடந்து எண்ணச் சொல்லுங்கள். இந்தக் காலத்துச் சுவர் ஒரு சாண்கூட இருக்காது. அப்புறம், பழைய கோட்டைக் கதவுகளுக்கு நம் வீட்டுக் கதவு மாதிரிக் கீல் கிடையாது. கதவோடு சேர்ந்த முளை மேலும் கீழும் குழியில் உட்கார்ந்து சுழலும். அதற்குக் குடுமி என்று பேர். தாழ்ப்பாளும் கிடையாது. முழு மரத்தைக் குறுக்கே நுழைத்து அடைப்பார்கள், அது கணையமரம். பெரிய கதவை ராத்திரி ஒரு ஆளுக்காகத் திறக்க முடியாது. அதனால் அதிலேயே குனிந்து நுழைகிற மாதிரிச் சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதுதான் திட்டிவாசல். குனிந்து வருகிறவனால் வாளை ஓங்க முடியாது. கோவிலில் இன்னும் இந்த வார்த்தை புழக்கத்தில் இருக்கிறது, கோட்டையில்தான் ஆள் இல்லை.

ஊருக்குள் பார்க்க நின்றால் தெப்பக்குளமும் அதற்குப் பின்னால் மலையும். வெளியே பார்க்க நின்றால் லூர்து மாதா கோவிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியும். அந்தக் கல்லூரி நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் இங்கே குடிவந்தது. ஆக, அதுவும் டெல்டாக்காரர் சொத்துதான்.

ஜங்ஷனில் இறங்கினால் ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கம் போகிற பஸ் அது; மெயின் கார்டு கேட், சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகும். என் யோசனை, நேரே வாசலில் இறங்காதீர்கள். ஒரு ஆட்டோ பிடித்துக் காந்தி மார்க்கெட் போய், அங்கிருந்து மேலப்புலிவார்டு ரோட்டில் வடக்கே நடங்கள். வலது கைப்பக்கம் ஊர், இடது கைப்பக்கம் வெளி. வலது பக்கம் பிரிகிற சந்துகள் எவ்வளவு குறுகலாக, நெருக்கமாக இருக்கின்றன என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். மதிலுக்குள் அடைபட்டு வளர்ந்த ஊரின் உடம்பு அது. அரை மணி நேரம் போல நடந்து, உள்ளே போக வழியில்லாமல் வெளியிலேயே வருகிற ஆள் மாதிரி நினைத்துக்கொண்டு, கடைசியில் அந்த வளைவைப் பாருங்கள். அன்றைக்கு அது வேறு மாதிரித் தெரியும். உள்ளே நுழைந்ததும் நந்திக்கோவில் தெரு வழியாக மலைக்குப் போங்கள். 417 படி ஏறி உச்சிப்பிள்ளையாரிடம் போனால் வடக்கே காவிரியும் ஸ்ரீரங்கமும், கீழே நீங்கள் சுற்றிவந்த ஊரும் தெரியும். புலிவார்டு ரோட்டை மேலிருந்து விரலால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வெயிலில் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒரு சித்திரை மாதம், ஊரிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் பகல் பன்னிரண்டு மணிக்கு இப்படி நடத்திக் கூட்டிப் போனேன், வரலாறு சொல்கிற உற்சாகத்தில். பாதி வழியில் அத்தைக்குத் தலைசுற்றி, ஒரு ஜவுளிக்கடைத் திண்ணையில் உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "உங்க கோட்டைய நீயே வச்சுக்கடா" என்றார். இன்றுவரை வீட்டு விசேஷங்களில் அது சொல்லப்படுகிறது. காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள்; கடைகள் திறப்பதற்கு முன் வளைவு வெறுமையாகவும் இருக்கும்.

வேறு எங்கே போகலாம் என்ற கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பக்கம் தஞ்சாவூர்தான். ஆனால் கீழவாசல் என்று கேட்டுக்கொண்டு போனால் அங்கே பேரும் கடைத்தெருவும்தான் இருக்கும். அங்கே மதிலின் தடம் அலங்கம் என்ற பேரில் ஒளிந்திருக்கிறது: கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம். அலங்கம் என்றாலே கோட்டை மதில், கொத்தளம். கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி ஒன்று இருக்கிறது. ஏழரை மீட்டர் நீளம், எடை 22 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வார்த்ததல்ல, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டியது. வாசல் போய்விட்ட இடத்தில் வாசல் காத்த ஆயுதம் மட்டும் இருப்பது வேடிக்கைதான். அதற்காகவே ஒரு நாள் போகலாம். தரங்கம்பாடி வாசல் 1792ஆம் ஆண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. வெள்ளையடித்து அழகாக இருக்கும். கடலும் கிடைக்கும் என்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் தேடுகிற பழைய காலத்து முரட்டு வாசல் அது அல்ல.

மதிலும் வாசலும் பிரியாமல் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம். கோவிலுக்கு ஏழு மதில். வெளிச்சுற்றுகளுக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1750களில் படைகள் அதைக் கோட்டையாகவே பயன்படுத்தின. காலையில் மெயின் கார்டு கேட்டையும் சாயங்காலம் அதையும் பார்த்தால் திருச்சி எதை இழந்திருக்கிறது என்று தானே விளங்கும். அதே ஒன்றாம் நம்பர் பஸ்தான்.

நடுவில் மத்தியானப் பொழுதுக்கு, கோட்டைக்குள்ளேயே ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. நாயக்கர் காலத்து தர்பார் மண்டபம். இப்போது அரசு அருங்காட்சியகம். நிழலும் விசிறியும் உண்டு, அத்தை மாதிரி யாரையாவது கூட்டி வந்தால் அவர்களுக்கும் உதவும். வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். வேறு நாள் பார்த்து வாருங்கள்.